அரைக் கூறு

1

மன்னாரில், எங்கள் ஊர்ப் பேசாலைச் சந்தியில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது என் கையில் இரண்டு தடிகள் இருந்தன. வந்த வினையெல்லாம் அந்தத் தடிகளால்தான்.

நோர்வேயில் மலையேறுகிறவர்கள் ஊன்றிக்கொண்டு போகும் தடிகள் அவை. பாரமே இல்லை. மடக்கலாம், நீட்டலாம். என் மகள் அனிற்றா பிறந்தநாளுக்கு வாங்கித் தந்தாள். அங்கே சின்னப் பிள்ளையும் இப்படித்தான் நடக்கும், எண்பது வயதுக் கிழவரும் இப்படித்தான் நடப்பார், ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள். நானும் அவற்றை மடக்கிப் பைக்குள் வைத்துத்தான் கொண்டு வந்தேன். ஆனால் கொழும்பிலிருந்து இரவு முழுக்க ஒரே இருக்கையில் குந்தியிருந்ததில் கால் இரண்டும் மரத்துப் போயிருந்தன. இறங்கும்போது விழுந்துவிடக்கூடாதே என்று எடுத்து நீட்டி ஊன்றிக்கொண்டேன்.

சந்தியில் நின்ற ஓட்டோக்காரர் பார்த்தார். தேத்தண்ணிக் கடையில் இருந்தவர்கள் பார்த்தார்கள். வெளிநாட்டுக்காரனைப் பார்க்கிறார்கள் என்று நினைத்து எல்லோருக்கும் சிரித்துத் தலையாட்டிவிட்டு நடந்தேன். அக்கா வீடு கிட்டத்தான். ஆனால் செய்தி எனக்கு முன்னே ஓடிப் போய்ச் சேர்ந்துவிட்டது. கேற்றடியில் அக்கா தலையில் கை வைத்தபடி நின்றாள்.

"ஐயோ மாதாவே! தம்பிக்குக் காலும் போட்டுதே!"

"கால் எங்கையும் போகேல்லை அக்கா. இது நடக்கிற தடி."

"நடக்கேலாத ஆக்களுக்குத்தானேடா தடி?"

தடிகளை மடக்கிப் பைக்குள் வைத்துவிட்டு, இரண்டு காலாலும் படியேறிக் காட்டினேன்.

பின்னேரம் கோயிலில் இருந்து ஒரு சக்கரக் கதிரை வந்து இறங்கியது. பார்த்தவுடனே அடையாளம் கண்டுகொண்டேன். நோர்வேயில் இருக்கும் எங்கள் ஊர்க்காரர் எல்லோரும் சேர்ந்து, நடக்க முடியாத முதியவர்களுக்கென்று வாங்கி அனுப்பிய கதிரைகளில் அது ஒன்று. அந்தச் சேர்ப்புக்கு வீடு வீடாகப் போய்க் கதவு தட்டியவர்களில் நானும் ஒருவன். தருமம் தலை காக்கும் என்பார்கள், எனக்கு அது சக்கரம் பூட்டிக்கொண்டு வந்தது.

2

ஊரில் வாசிக்கிறவர்களுக்காக விசயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஒன்பது வருடமாக எனக்கு இரத்தத்தில் புற்றுநோய். மெதுவாகப் போகிற சாதி. முற்றாக மாறாது. மருந்து போட்டால் அடங்கிக் கிடக்கும், சில காலம் போகத் திரும்ப எழும்பும், வேறு மருந்து போட வேண்டும். முதல் நாள் எனக்கு இதை விளங்கப்படுத்திய வைத்தியர் என் மகளின் வயதுப் பெண்பிள்ளை. எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டு, "ஒவ்வொரு நாளும் வெளியே போய் நடவுங்கள்" என்றாள்.

"மழை பெய்தால்?"

"மழைக்கு உடுப்பு இருக்கிறது."

அப்படித்தான் நான் மலைக்காரன் ஆனேன். பனையைத் தவிர உயரமான எதையும் காணாமல் வளர்ந்தவன், இப்போது வீட்டுக்குப் பின்னால் நிற்கும் மலைகளைப் பேர் சொல்லிக் கூப்பிடுவேன். பனியில் நடப்பேன், காற்றில் நடப்பேன், சூரியனே எட்டிப் பார்க்காத மார்கழியில் நெற்றியில் லைற்றைக் கட்டிக்கொண்டு நடப்பேன். மனைவி தெரேசா, "ஊரிலை கடைக்குப் போறதுக்கும் சைக்கிள் தேடின மனிசன்" என்று சிரிப்பாள்.

நான் வேலை செய்வது மீன் தொழிற்சாலையில். வருத்தம் வந்த பிறகு அரசாங்கக் கந்தோரில் கூப்பிட்டு விசாரித்து, நான் அறுபது வீதம் நோயாளி என்று தீர்ப்புச் சொன்னார்கள். "எந்த அறுபது?" என்று கேட்டேன். விசாரித்த அம்மா சிரிக்கவில்லை. திங்களும் செவ்வாயும் நான் சுகதேகி, வேலைக்குப் போக வேண்டும். புதன்கிழமை விடிய எழும்பும்போது நோயாளி. ஆரம்பத்தில் எனக்கு இது பகிடியாக இருந்தது. போகப் போகத்தான் அதில் இருக்கும் மரியாதை தெரிந்தது. நாற்பது வீதம் நான் இன்னும் ஆள்தான் என்று ஒரு அரசாங்கமே ஒப்புக்கொண்டிருக்கிறதே.

எழுத்தும் வருத்தத்தோடு வந்ததுதான். மருந்து ஏற்றும் கதிரையில் அரை நாள் இருக்க வேண்டும். இடது கை மருந்துக்கு, வலது கை சும்மா. எத்தனை நேரம்தான் முகட்டைப் பார்ப்பது? எழுதத் தொடங்கினேன். தாதி ஒருத்தி வந்து, "கடிதமா?" என்று கேட்டாள்.

"இல்லை, எங்கள் ஊர்ப் பத்திரிகைக்கு."

"எதைப் பற்றி?"

"உங்களைப் பற்றி."

அன்றிலிருந்து கோப்பி முதலில் எனக்குத்தான் வரும். வைத்தியருக்கு மட்டும் என்னோடு ஒரு கரைச்சல். நோவு பூச்சியத்துக்கும் பத்துக்கும் இடையில் எவ்வளவு என்று ஒவ்வொரு முறையும் கேட்பாள். எனக்கு வாயில் வருவது 'பரவாயில்லை' ஒன்றுதான். அதற்கு இலக்கம் கிடையாது.

அனிற்றாவுக்குத் தமிழ் பேச வரும், வாசிக்க வராது. நான் எழுதியதில் ஒரு வரி அவளுக்குத் தெரியாது. முதலில் இது எனக்குப் பெரிய கவலை. ஆனால் எந்தக் கட்டுரையை எந்த மலையில், எந்தக் கல்லில் குந்தியிருந்து எழுதினேன் என்று அவளுக்குத் தெரியும். தாய் தகப்பனை "சாப்பிட்டியளோ?" என்று கேட்பதுதானே எங்கள் வழக்கம். அவள் ரெலிபோன் எடுத்தால் முதல் கேள்வி, "அப்பா, நடந்தீங்களா?"

இந்த மாரியில் இரத்தத்தில் நோயின் கணக்கு மறுபடி ஏறத் தொடங்கியது. வசந்தத்தில் புது மருந்து, கொஞ்சம் கடுமையானது. அதற்கு முதல் ஊருக்குப் போய்வரலாமா என்று கேட்டேன். "போங்கள். இப்போதே போங்கள்" என்றாள் அந்த வைத்தியப் பெண்பிள்ளை. அந்த 'இப்போதே' எனக்கு விளங்கியது. தெரேசாவுக்கு லீவு கிடைக்கவில்லை. நான் தனியே வந்தேன்.

3

ஊரில் யாரும் அதன் பெயரைச் சொல்வதில்லை. 'அந்த வருத்தம்' என்பார்கள், அதையும் குரலைத் தாழ்த்தித்தான். அதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் அப்பாவுக்கும் அந்த வருத்தம்தான். சண்டைக் காலம். ஆமியிடம் பாஸ் எடுத்து, செக்பொயின்ற் செக்பொயின்றாக இறங்கி ஏறி, அக்காதான் அவரைக் கொழும்புக்குக் கொண்டு போனாள். திரும்பி வரும்போது பெட்டியில் கொண்டு வந்தாள். நான் அப்போது நோர்வேயில் அகதி அட்டைக்குக் காத்துக்கொண்டிருந்தேன். அக்கா தனியே பட்ட பாடு அது. ஒன்பது வருடமாக அந்த வருத்தத்தோடு ஒருவன் உயிரோடிருப்பான், அதிலும் தடி ஊன்றி மலையேறுவான் என்றால் அவள் எப்படி நம்புவாள்?

"போன மாசத்தோடை ஒன்பது வருசம் அக்கா. அனிற்றா கேக் செய்தவள், வெட்டினனாங்கள்" என்று ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

"அந்த வருத்தத்துக்குக் கேக்கோ? உங்கள் எல்லாருக்கும் என்ன விசரே?" என்று சிலுவை அடையாளம் போட்டாள்.

என்னை எதையும் தூக்க விடமாட்டாள். கிணற்றடிக்குப் போனால் பின்னாலே வருவாள். சாப்பாடு வேறு. எல்லோருக்கும் மிளகாய்த்தூள் போட்ட குழம்பு, எனக்கு மட்டும் மிளகும் உள்ளியும் போட்டு வெளிறிப்போன பத்தியக் கறி. அதில் மிதந்த மீன்தான் என் தொண்டையில் முள்ளாகச் சிக்கியது. ஏன் என்று சொல்கிறேன்.

அக்காவின் புருசன், என் அத்தான் சவிரி, கரைவலைச் சம்மாட்டி. வலையும் வள்ளமும் அவருடையவை. விற்கிற அளவுக்கு மீன் படாத நாளில் பட்டதை மணலில் கூறு கூறாகக் குவித்துப் பிரிப்பார்கள். கயிற்றில் கை வைத்து இழுத்த ஒவ்வொருவருக்கும் ஒரு கூறு. அதற்கு முதல், ஊரில் படுத்த படுக்கையாய்க் கிடப்பவர்களுக்கென்று ஒரு கை மீனை அள்ளித் தனியே வைப்பார்கள். யாரும் எழுதி வைத்த சட்டம் இல்லை, ஆனால் ஒரு சம்மாட்டியும் அதை மறக்க மாட்டார். அப்பாவின் கடைசிக் காலத்தில் அந்த மீன் எங்கள் வீட்டுக்கு வந்தது என்று அக்கா கடிதத்தில் எழுதியிருந்தாள்.

நான் வந்த அடுத்த நாளே அத்தான் வீட்டுக்கு இரண்டு பையோடு வந்தார். ஒன்று வீட்டுக்கு. மற்றது சின்னப் பை, நல்ல மீனாகப் பார்த்து எடுத்தது. "இது தம்பிக்கு" என்று அக்காவிடம் கொடுத்தார். அன்பாகத்தான் கொடுத்தார். நானும் சாப்பிட்டேன். ஆனால் ஒவ்வொரு நாளும் அந்தச் சின்னப் பை வரும்போது, அப்பாவின் கட்டிலில் என்னைக் கிடத்துகிற மாதிரி இருக்கும். நோர்வேயில் நாற்பது வீதம் ஆளாக இருந்தவன், பிறந்த ஊரில் பூச்சியமாகிவிட்டேன். திரும்பிப் போய்ப் புது மருந்துக் கதிரையில் குந்தும்போது அந்தப் பூச்சியத்தோடு குந்த எனக்கு விருப்பமில்லை. வெளிப்படையாகவே சொல்கிறேன், எனக்கு அது பயமாக இருந்தது.

4

ஆனபடியால் நடந்தேன். விடிய எழும்பி, அக்கா கோயிலுக்குப் போகும் நேரம் பார்த்து, கடற்கரையோடு தலைமன்னார்ப் பக்கம். தடியை வீட்டில் வைத்துவிட்டுத்தான். மாசிக் கடல் அலையில்லாமல் படிந்து கிடந்தது. ஆலாப் பறவைகள் நேரே தண்ணீருக்குள் குத்தி விழுந்து மீனோடு எழும்பின. தரவை வெளியில் கழுதைகள் மேய்ந்தன. தெற்கே மின்சாரக் காற்றாடிகள் சுழன்றன, நான் ஊரை விட்டுப் போகும்போது இல்லாதவை. நன்றாகத்தான் இருக்கின்றன என்று சொன்னால் அவை வேண்டாம் என்று போராடும் பாதி ஊர் கோபிக்கும், ஆகவே சொல்லவில்லை.

அலை விளிம்பில் ஒரு உள்ளான் குருவிக் கூட்டம் ஓடிக்கொண்டிருந்தது. கோடையில் எங்கள் வீட்டுக்குக் கீழேயுள்ள கடற்கரையிலும் இதே சாதியைத்தான் பார்ப்பேன். அதுவும் என்னைப்போல வடக்கே இருந்து வந்ததுதான். ஒருவரும் சக்கரக் கதிரை கொண்டு வராததால் சுகமாக ஓடித் திரிந்தது.

ஒருநாள் கவிழ்த்து வைத்த வள்ளமொன்றின் நிழலில் குந்தியிருந்து எழுதிக்கொண்டிருந்தேன். கருவாடு காயப்போட வந்த றீற்றா மச்சாள், எங்களுக்குத் தூரத்துச் சொந்தம், கொஞ்ச நேரம் நின்று பார்த்தாள்.

"என்ன எழுதுறியள்?"

"இந்தக் கடற்கரையைப் பற்றித்தான் மச்சாள்."

"ஓமோம், எழுதுங்கோ. எல்லாத்தையும் ஒழுங்கா எழுதி வைக்கிறதுதான் நல்லது" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள்.

மத்தியானம் அக்கா கோபத்தோடு வந்து முன்னால் நின்றாள். "மரண சாசனம் எழுதுறியாமே? காணிக்குச் சண்டை பிடிக்க எனக்கும் உனக்கும் என்ன காணியடா இருக்கு?"

எழுதியதை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். உள்ளானும் ஆலாவும் கழுதையும்தான் இருந்தன. கேட்டு முடித்துவிட்டு, "உதை ஆரடா காசு குடுத்து வாசிப்பாங்கள்?" என்றாள். எனக்குக் கிடைத்த விமர்சனங்களில் நேர்மையானது அதுதான்.

5

அந்தச் சனிக்கிழமை அத்தானுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இப்போது கரைவலைக் கயிற்றைப் பல இடங்களில் ட்ரக்டர்தான் இழுக்கிறது. அத்தானின் ட்ரக்டர் கியர் உடைந்து மன்னாரில் கராச்சில் நின்றது. ஆளால் இழுப்போம் என்றால், இழுக்கிறவர்களில் நாலைந்து பேர் வெள்ளாங்குளத்தில் ஒரு கலியாண வீட்டுக்குப் போய்விட்டார்கள். வலையோ கடலுக்குள் வளைத்தாகிவிட்டது. இரண்டு கயிறும் கரைக்கு வந்துவிட்டன. மேற்குக் கயிற்றில் ஆள் போதாமல் வலை ஒரு பக்கம் சரியத் தொடங்கியது.

நான் நடந்துகொண்டு வந்தவன் நின்று பார்த்தேன். குளிருக்குப் போடும் கையுறை சட்டைப் பையில் இருந்தது. காயம் படக்கூடாது என்பதற்காக அதை எங்கேயும் கொண்டு திரிவேன். எடுத்துப் போட்டுக்கொண்டு மேற்குக் கயிற்றின் வால் பக்கம் போனேன்.

"தம்பி, நீர் அங்காலை போய் இரும்" என்றார் அத்தான்.

"ஆள் காணாதே அத்தான்."

"காணாட்டில் காணாது. உமக்கு ஏதும் நடந்தா உம்மடை அக்காவுக்கு நான் என்ன பதில் சொல்லுறது?"

நான் கயிற்றைப் பிடித்தேன். அவருக்கு என்னோடு வாதாட நேரமில்லை. வலை சரிந்துகொண்டிருந்தது.

கரைவலை இழுக்கும்போது கடலைப் பார்த்தபடி பின்பக்கமாகத்தான் நடக்க வேண்டும். குதியை மணலில் புதைத்து, உடம்பைப் பின்னே சாய்த்து, எல்லோரும் ஒரே மூச்சில். வால் ஆள் கயிற்றைச் சுருட்டிப் போட்டுவிட்டு முன்னே ஓடித் தண்ணீர் விளிம்பில் மறுபடி பிடிக்க வேண்டும். சின்ன வயதில் இழுத்த உடம்பு இதை மறக்கவில்லை. ஒன்பது வருடம் மலை ஏறிய தொடை வேறு. எனக்குப் பெருமையில் புளுகம் வந்துவிட்டது. எல்லோரையும் முந்திக்கொண்டு இழுத்தேன். மலைக்காரன் செய்கிற பிழை அது. மலையில் நீ தனி, உன் வேகம் உன்னுடையது. இங்கே ஒருவன் முந்தினால் மற்றவன் கையில் கயிறு தொய்யும்.

"டேய்! ஆரடா அது தனிய இழுக்கிறது? கயித்தைத் தொய்ய விடாதை! எல்லாரோடையும் சேர்ந்து இழுடா!"

அத்தானின் குரல்தான். எனக்குத்தான். 'நீர்', 'உமக்கு' எல்லாம் கடலுக்குள் போய்விட்டன. வாழ்க்கையில் ஏச்சு வாங்கி அவ்வளவு சந்தோசப்பட்டதில்லை.

பாதி வந்திருக்கும். திடீரென்று மூச்சு இல்லை. கண் இருண்டது. மலையில் நான் கற்ற ஒரே பாடம், உடம்பு நில் என்றால் நிற்க வேண்டும் என்பது. கயிற்றை அடுத்தவரிடம் விட்டுவிட்டு மணலில் குந்தினேன். அந்த நேரம் பார்த்து அக்கா வந்தாள். யாரோ போய்ச் சொல்லியிருக்கிறார்கள். சும்மா வரவில்லை, சக்கரக் கதிரையைத் தள்ளிக்கொண்டு வந்தாள். மணலில் சக்கரம் புதைந்துவிட்டது. அவள் தள்ள அது இன்னும் புதைய, "மாதாவே, அந்தோனியாரே" என்று ஒருவர் விடாமல் கூப்பிட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கச் சிரிக்க மூச்சும் வந்தது.

"சிரிக்கிறாயோடா பாவி! அப்பாவைக் கொண்டு போய்ப் பெட்டியிலை கொண்டு வந்தனான். உன்னையும் என்ரை கையிலை சாகப் பண்ணுறியோ?"

சிரிப்பு நின்றுவிட்டது. அவள் கையைப் பிடித்து என் நெஞ்சில் வைத்தேன். "அடிக்குதோ?"

"அடிக்குது."

"அப்பா கட்டிலிலை கிடந்தவர். நான் கயித்திலை நிண்டு களைச்சனான். இரண்டும் ஒண்டில்லை அக்கா."

 அவள் கையை எடுக்கவில்லை. "மடி வருது!" என்று கத்துகிற சத்தம் கேட்டது. வலையின் அடிப்பை, மீன் கிடக்கிற இடம், கரைக்குக் கிட்ட வந்துவிட்டது. நான் எழும்பினேன். அக்கா தடுக்கவில்லை. போய்க் கயிற்றைப் பிடித்து, இம்முறை எல்லோரோடும் சேர்ந்து இழுத்தேன்.

6

பெரிய மீன்பாடில்லை. சாளையும் காரலும், கொஞ்சம் கணவாயும். விற்கக் காணாது என்று மணலில் கொட்டிப் பிரிக்கத் தொடங்கினார் அத்தான். வழக்கம்போல முதலில் ஒரு கை மீனை அள்ளி அந்தச் சின்னப் பைக்குள் போட்டார். என் நெஞ்சு அடித்த அடி அக்காவுக்குக் கேட்டிருக்கும். பையை என் பக்கம் நீட்டாமல் றீற்றா மச்சாளைக் கூப்பிட்டார்.

"இந்தா, இதை உங்கடை மாமியாருக்குக் கொண்டே குடு பிள்ளை. எழும்பேலாமக் கிடக்கிற மனிசி."

பிறகு கூறு போட்டார். எல்லாம் ஒரே அளவுக் குவியல், கடைசி மட்டும் பாதி. அந்தப் பாதிக்கு நேரே விரலை நீட்டி என்னைப் பார்த்தார்.

"சம்மாட்டியார், நோர்வேக்காரருக்கு முழுசாக் குடுங்கோவன், பாவம்" என்றாள் றீற்றா மச்சாள்.

"பாவம் பாத்தோ கூறு போடுறது?" என்று சீறினார் அத்தான். "பாதியிலை குந்தினவர். பாதிதான்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. முழுக் கூறு தந்திருந்தால் அதுவும் அந்தச் சின்னப் பைதான். இது அப்படியல்ல. அறுபதும் நாற்பதுமாக ஒரு கந்தோர் கணக்குப் பார்த்ததை, மணலில் இருந்த ஒரு மனிதர் கண்ணாலேயே பார்த்து முடித்துவிட்டார். அதிலும் பத்து வீதம் கூட்டித் தந்திருக்கிறார்.

மீன் கூடைகளைச் சக்கரக் கதிரையில் ஏற்றி, நாலு பேர் தூக்கி மணலைத் தாண்டினார்கள். பிறகு கதிரையை நல்ல தண்ணீரில் கழுவித்தான் கோயிலுக்குத் திருப்பிக் கொடுத்தோம், ஆனாலும் அடுத்த ஞாயிறு பூசையில் கருவாட்டு வாசம் வந்தது என்று கேள்வி. அன்று மத்தியானம் அக்கா ஒரே சட்டியில்தான் சமைத்தாள், தூள் போட்டு. உறைப்பில் எனக்கு மூக்கால் ஓடியது.

பின்னேரம் அனிற்றா எடுத்தாள். "அப்பா, நடந்தீங்களா?"

"ஓம். இண்டைக்கு முழுக்கப் பின்பக்கமா நடந்தனான்."

"பின்பக்கமாவா? ஏன்?"

விளங்கப்படுத்தினேன். கயிறு, மடி, கூறு என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கடைசியில், "அடுத்த முறை நானும் வாறேன், எனக்கும் அரைதான் தருவினமா?" என்றாள். இழுத்துப் பார்க்கச் சொன்னேன்.

அடுத்த நாள் ஞாயிறு, வலை இல்லை. திங்கள் விடியப்புறம் நான் நல்ல நித்திரை. யன்னலில் யாரோ ஓங்கித் தட்டினார்கள்.

"டேய், அரைக் கூறு! இன்னும் என்னடா படுக்கை? வலை போகுது!"

அத்தானின் குரல். அடித்துப் பிடித்துக்கொண்டு வெளியே ஓடினேன். முற்றத்தில் அக்கா நின்றாள். பழைய அக்காவென்றால் கேற்றை மறித்துக்கொண்டு நின்றிருப்பாள். இவள் உடுப்புக் காயப்போடும் கொடியில் இருந்து என் கையுறையை எடுத்து நீட்டினாள். தோய்த்துப் போட்டிருக்கிறாள். அந்தக் கொடி தொய்யாமல் இருக்க என் மலைத்தடிகள் இரண்டையும் மணலில் ஊன்றி முண்டு கொடுத்திருந்தாள்.

கையுறை இன்னும் ஈரம். போட்டுக்கொண்டு ஓடினேன்.